மதியம் திரும்பி வர முடிகிற ரூம்

வட கரோலினாவின் சார்லட் நகரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். நீண்ட கடிதம். பெயரையும் அடையாளங்களையும் எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

கும்பகோணத்திலிருந்து மாமனாரும் மாமியாரும் செப்டம்பரில் வந்திருக்கிறார்கள், பிப்ரவரியில் ஊர் திரும்புகிறார்கள். மாமியாருக்கு 66 வயது, இரண்டு முழங்காலிலும் வலி. மகளுக்கு ஜனவரி கடைசியில் பத்து வயது முடிகிறது. மகன் மார்ச்சில் மூன்றைத் தொடுவான். கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஆறு பேருமாகக் காரில் ஃபுளோரிடா போய், டிஸ்னி வேர்ல்டில் ஐந்து இரவு தங்கிப் பார்த்துவிட்டு வரலாம் என்று திட்டம். தங்கும் செலவு 2,000 டாலரைத் தாண்டக்கூடாது. இதுவரை இவர்கள் யோசித்தவை நான்கு. ஒன்று, 192ஆம் நெடுஞ்சாலையில் இரவுக்கு 90 டாலர் மோட்டல், இரண்டு ரூம். "ரூம் தூங்கத்தானே?" என்பது கணவர் கட்சி. இரண்டு, டிஸ்னியின் மலிவு விடுதியான ஆல்-ஸ்டாரில் ஒரே ரூம் போட்டு, பையனைக் கணக்கில் காட்டாமல், மாமனாரைத் தரையில் படுக்கவைத்துச் சமாளிப்பது. மூன்று, டேவன்போர்ட் பக்கம் நீச்சல் குளத்தோடு ஒரு வாடகை வீடு. நான்கு, போனில் வந்த அழைப்பு: நாலு நாள், மூன்று இரவு, நல்ல ரிசார்ட், மொத்தமே 99 டாலர், "ஒரு சின்ன மீட்டிங்குக்கு மட்டும் வர வேண்டும்". கடைசியாக ஒரு வரி: "அத்தை, 'நாங்க ரூமிலேயே இருந்துக்கிறோம், நீங்க பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போயிட்டு வாங்க' என்கிறார்கள். இவ்வளவு செலவு செய்து அவர்களை ரூமில் உட்கார வைக்கவா கூட்டிப்போகிறோம்? அப்புறம், ரைஸ் குக்கர் கொண்டுபோகலாமா?"

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது அந்த 90 டாலரோ 99 டாலரோ இல்லை, உங்கள் அத்தை சொன்ன அந்த ஒரு வாக்கியம்தான். டிஸ்னி பிடிக்காமல் அவர் அப்படிச் சொல்லவில்லை. கால் ஒத்துழைக்காது என்று தெரிந்து, உங்களுக்குப் பாரமாக இருக்கக்கூடாது என்று சொல்கிறார். நீங்கள் தேர்ந்தெடுக்கும் ரூம் அந்தப் பயத்துக்குப் பதில் சொல்ல வேண்டும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் பயண ஆலோசகர். என் மூலம் ரூம் பதிவானால் எனக்குக் கமிஷன் வரும், டிஸ்னி விடுதிக்கும் வரும், மற்றதற்கும் வரும். ஆகவே நான் டிஸ்னி விடுதியைச் சிபாரிசு செய்யும் இடத்தில் கொஞ்சம் சந்தேகத்தோடே படியுங்கள். கணக்கைக் கீழே போட்டிருக்கிறேன், நீங்களே சரிபார்க்கலாம்.

பல வருடங்களுக்கு முன் என் அம்மா இந்தியாவிலிருந்து வந்திருந்தபோது நானும் நெடுஞ்சாலையில் ஒரு மலிவு மோட்டல்தான் எடுத்தேன். காலை ஒன்பதுக்கு டிஸ்னியின் நான்கு பார்க்குகளில் ஒன்றான மேஜிக் கிங்டத்துக்குள் நுழைந்தோம். மதியம் ஒரு மணிக்கு அம்மாவால் நடக்க முடியவில்லை. மோட்டலுக்குப் போய் ஓய்வெடுத்துத் திரும்புவதென்றால் போகவர இரண்டரை மணி நேரம். "பரவாயில்லை, உட்கார்ந்துக்கிறேன்" என்றார். இரவு வாணவேடிக்கை முடியும் வரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஊருக்குப் போய், டிஸ்னி எப்படி இருந்தது என்று கேட்டவர்களிடம் "பெஞ்செல்லாம் நல்லா போட்டிருக்கான்" என்றாராம்.

அதற்குப் பிறகு யார் வந்து கேட்டாலும் நான் முதலில் கேட்பது இதுதான்: மதியம் ஒரு மணிக்கு, ரொம்ப அலுப்பில்லாமல், அந்த ரூமுக்குத் திரும்பி வர முடியுமா? மூன்று வயதுகூட ஆகாத பையனுக்கு மதியத் தூக்கம் வேண்டும். அத்தைக்கும் காலை நீட்டிப் படுக்க வேண்டும். இருவருக்கும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் அது கிடைத்தால் மாலையில் ஆறு பேரும் சேர்ந்தே பார்க்குக்குத் திரும்பலாம். கணவரிடம் சொல்லுங்கள், ரூம் ராத்திரித் தூக்கத்துக்கு மட்டும் இல்லை, மதியத் தூக்கத்துக்கும்தான்.

90 டாலர் என்பது 90 டாலர் இல்லை

மோட்டல் இரண்டு ரூம் 180 டாலர், ஆல்-ஸ்டார் இரண்டு ரூம் 380 டாலர், இரவுக்கு 200 டாலர் வித்தியாசம் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் எண்களையே வைத்துக்கொண்டு முழுக் கணக்கையும் போட்டுப் பார்ப்போம்.

டிஸ்னி இருக்கும் ஆர்லாண்டோ சுற்றுவட்டாரத்தில் பல விடுதிகள் ரூம் வாடகைக்கு மேல் 'ரிசார்ட் ஃபீ' என்று ஒன்றைப் போடுவார்கள். ரூமுக்கு 25 டாலர் என்று வைத்தால் இரண்டு ரூமுக்கு 50. ஆக 230. அதன் மேல் வரி. அந்த மோட்டல் இருக்கும் ஆசியோலா கவுண்டியில் 13.5 சதவீதம். 261 ஆயிற்று. விடுதியில் கார் நிறுத்த 15 டாலர் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். டிஸ்னி பார்க்கில் கார் நிறுத்த நாளொன்றுக்கு 30 டாலராவது ஆகும். மொத்தம் 306 டாலர்.

டிஸ்னி விடுதியில் ரிசார்ட் ஃபீ கிடையாது. அங்கே தங்குபவர்களுக்கு விடுதியில் இரவு கார் நிறுத்தவும் இப்போது கட்டணம் இல்லை (நடுவில் சில வருடம் வாங்கினார்கள், 2023 ஜனவரியில் நிறுத்திவிட்டார்கள்). பார்க்கில் நிறுத்தவும் இலவசம். ஆக 380 டாலரோடு வரி மட்டும் சேர்ந்து 431. வித்தியாசம் 200 இல்லை, 125.

கவனியுங்கள், மோட்டல்தான் இன்னும் மலிவு. அதை நான் மறைக்கவில்லை. நான்கு இரவுக்கு (ஏன் ஐந்து இல்லை என்று பிறகு சொல்கிறேன்) 500 டாலர் மிச்சம் என்பது சின்னத் தொகையும் இல்லை. திடகாத்திரமான நாலு பேர் விடிந்ததும் போய் இரவு திரும்புவதாக இருந்தால் மோட்டலையே எடுக்கச் சொல்லியிருப்பேன். உங்கள் வீட்டு ஆறு பேருக்கு அந்த 125 டாலர் எதை வாங்கித் தருகிறது என்பதுதான் கேள்வி.

ஒரு ஆறுதல். 2025 மே மாதத்திலிருந்து அமெரிக்க வர்த்தக ஆணையத்தின் விதி ஒன்று நடைமுறையில் இருக்கிறது. விடுதியோ வாடகை வீடோ, கட்டாயமாகக் கட்ட வேண்டிய கட்டணங்களையெல்லாம் சேர்த்த மொத்த விலையையே விளம்பரத்தில் முதலில் காட்ட வேண்டும். அரசு வரியை மட்டும் தனியே காட்டலாம். கார் நிறுத்தம்போல 'விருப்பப்பட்டால்' என்று சொல்லக்கூடியவை இதில் வராது. எனவே கடைசிப் பக்கம் வரை போய், வரியோடு கூடிய தொகையைப் பார்த்த பிறகே ஒப்பிடுங்கள்.

ஆறு பேரை ஒரே ரூமில் அடைக்க முடியாது

ஆல்-ஸ்டாரின் சாதாரண ரூம் 260 சதுர அடி. நான்கு பேருக்கு அனுமதி, அதோடு மூன்று வயதுக்குக் கீழ் ஒரு குழந்தை, தொட்டிலில். ஆக உங்கள் பையனைக் காட்டினாலும் மறைத்தாலும், மீதி ஐந்து பேரில் நாலு பேருக்குத்தான் இடம். ஆறாவது ஆள் எங்கே? இந்த எண்ணிக்கை தீ விபத்துப் பாதுகாப்பை ஒட்டி வைப்பது. மறைத்து வைத்து, கண்டுபிடிக்கப்பட்டால் வரவேற்பு மேசையில் மாமனார் முன்னால் பேச்சு வாங்க வேண்டியிருக்கும். அந்த ரூமை நேரில் பார்த்தால் நீங்களே இந்த யோசனையைக் கைவிட்டுவிடுவீர்கள். ஒரு குவீன் கட்டில், சுவரிலிருந்து இறக்குகிற இன்னொரு குவீன் கட்டில். அதை இறக்கிவிட்டால் மேசை மறைந்துவிடும், பெட்டிகளைத் தாண்டித்தான் குளியலறைக்குப் போக வேண்டும். இரவில் இரண்டு முறை எழுந்திருக்கும் 66 வயதுக்காரருக்கு அது நல்லதில்லை.

அடுத்து ஒரு தவறான நம்பிக்கை. "ஆறு பேர் என்றால் ஃபேமிலி சூட்தான் லாபம்" என்று எழுதியிருக்கிறீர்கள். ஆர்ட் ஆஃப் அனிமேஷன் விடுதியின் சூட் விலையைப் பார்த்துத் தலை சுற்றியது என்றும் எழுதியிருக்கிறீர்கள். சுற்றத்தான் செய்யும். 565 சதுர அடி, இரண்டு குளியலறை, மைக்ரோவேவும் சின்ன ஃபிரிட்ஜும் கொண்ட குட்டிச் சமையல் மூலை, அழகான ரூம்தான். ஆனால் பெரும்பாலான தேதிகளில் மலிவு விடுதியில் இரண்டு ரூம் எடுப்பது அந்த ஒரு சூட்டைவிடக் குறைவாகவே வரும். இரண்டு ரூம் என்றாலும் இரண்டு குளியலறைதான், ரூமுக்கொரு டிவியும் உண்டு. மாமனார் பத்து மணிக்குச் செய்தி பார்த்தால் உங்கள் பையன் எழ மாட்டான். இன்னொரு விஷயம்: டிஸ்னி சாதாரண ரூமுக்குச் சொல்லும் விலை இரண்டு பெரியவர்களுக்கானது. மூன்றாவது, நான்காவது பெரியவர் அதே ரூமில் இருந்தால் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு இரவுக்கும் கூடுதலாகக் கட்ட வேண்டும். ரூமுக்கு இரண்டு பெரியவர் என்று பிரித்தால் அது வராது.

பதிவு செய்யும்போது நடுவில் கதவு உள்ள ரூம்களாகக் கேளுங்கள். 'அருகருகே' என்று கேட்டால் போதாது, 'உள்ளே கதவு இணைந்த' ரூம் என்றே கேட்க வேண்டும். அதை உறுதிசெய்து தரும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் கோரிக்கை என்றால் அன்றைக்குக் கிடைத்தால்தான் உண்டு. தரைத்தளம் அல்லது லிஃப்டுக்குப் பக்கம் என்பதையும் அப்போதே எழுதிவிடுங்கள். காசு இல்லை.

எந்த விடுதி?

டிஸ்னி விடுதி என்றால் வாசலில் இறங்கினால் பார்க் என்று நினைத்திருக்கிறீர்கள். அந்த இடம் ஏறத்தாழ 40 சதுர மைல். நான்கு பார்க்குகளும் ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி இருக்கின்றன. நடந்து போகிற தூரத்தில் இருக்கும் விடுதிகள் விலையில் உங்களுக்கு எட்டாதவை. மலிவு வகையில் ஐந்து: ஆல்-ஸ்டார் மூவீஸ், மியூசிக், ஸ்போர்ட்ஸ், பாப் செஞ்சுரி, அப்புறம் நீங்கள் பார்த்த ஆர்ட் ஆஃப் அனிமேஷன்.

ஆல்-ஸ்டார் மூன்றும் இருப்பதில் மலிவு. பஸ் மட்டும்தான். கூட்டம் குறைவான நேரங்களில் மூன்று விடுதிக்கும் சேர்த்து ஒரே பஸ் சுற்றி வரும், கடைசி விடுதியில் ஏறுபவர் நின்றுகொண்டு போக வேண்டியும் வரலாம். விளையாட்டுப் போட்டிக்கும் பேண்ட் வாத்தியத்துக்கும் வரும் பள்ளிப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாகத் தங்குவதும் இங்கேதான். இரவு பத்துக்கு வராந்தாவில் ஓட்டப்பந்தயம் நடக்கும்.

என் தேர்வு பாப் செஞ்சுரி. காரணம் ஒன்றே ஒன்று, 2019இல் வந்த ஸ்கைலைனர் என்ற கேபிள் கார். விடுதியின் ஏரிக்கரையில் ஏறி, கரீபியன் பீச் நிலையத்தில் மாறி, எப்காட், ஹாலிவுட் ஸ்டூடியோஸ் என்ற இரண்டு பார்க்குகளுக்கும் போகலாம். பஸ் அட்டவணை பார்க்க வேண்டாம், பெட்டிகள் வந்துகொண்டே இருக்கும், உட்கார்ந்தே போகலாம். வீல்சேர் ஏற்ற நிறுத்தி வைக்கும் வசதியும் உண்டு. மதியம் ஒரு மணிக்கு அத்தைக்கு முடியவில்லை என்றால், மாமாவே அவரைக் கூட்டிக்கொண்டு ரூமுக்கு வந்துவிட முடியும், உங்களில் ஒருவர் துணைக்கு வர வேண்டியதில்லை. போக்குவரத்து தெரியாத ஊரில் இரண்டு பெரியவர்களுக்கு இது எவ்வளவு பெரிய சுதந்திரம்! மின்னல் வெட்டினால் நிறுத்திவிடுவார்கள். அது கோடைத் தொல்லை, டிசம்பரில் அவ்வளவாக இருக்காது.

மேஜிக் கிங்டத்துக்கு மட்டும் பஸ்ஸில் போங்கள், காரை எடுக்காதீர்கள். காரில் போனால் பார்க் வாசலில் நிறுத்த முடியாது. ஏரிக்கு இந்தப் பக்கம் நிறுத்திவிட்டு, படகிலோ மோனோரயிலிலோ ஏறித்தான் வாசலுக்குப் போக வேண்டும். டிஸ்னி விடுதி பஸ் நேரே வாசலருகே இறக்கிவிடும். மோட்டலிலிருந்து காரில் வருபவர்கள் காலையும் மாலையும் படும் இந்தக் கூடுதல் அலைச்சல் எந்த விலைப்பட்டியலிலும் இருக்காது.

இன்னொரு சலுகையும் உண்டு. டிஸ்னி விடுதியில் தங்குபவர்களை எல்லா நாளும், எல்லாப் பார்க்கிலும், மற்றவர்களுக்கு அரை மணி முன்னதாக உள்ளே விடுவார்கள். விடியற்காலை ஐந்துக்கே எழுந்து காபி கேட்கும் மாமனார் இருக்கும் வீட்டுக்கு அது ரொம்பப் பொருத்தம். டிஸ்னி ஸ்பிரிங்ஸ் பகுதியில் வேறு நிறுவனங்கள் நடத்தும் சில விடுதிகளுக்கும் இந்த அரை மணிச் சலுகை இருக்கிறது. நல்ல தள்ளுபடி கிடைத்தால் அவற்றையும் பாருங்கள், ஆனால் ரிசார்ட் ஃபீயையும் கார் கட்டணத்தையும் கூட்டிக்கொண்டு.

பாப் செஞ்சுரி ரூம் 220 டாலருக்குக் கிடைக்கிறது என்று வைத்தால் இரண்டு ரூம் 440, வரி 12.5 சதவீதத்தோடு 495, நான்கு இரவுக்கு 1,980. (ஆல்-ஸ்டாருக்கு வரி ஒரு சதவீதம் கூட. கவுண்டி எல்லை நடுவில் போகிறது.) உங்கள் 2,000க்குள் வருகிறது. ஆனால் கிறிஸ்துமஸ் வாரத்தில் இந்த விலை கிடைக்கவே கிடைக்காது. ஐந்து இரவும் கட்டுப்படியாகாது.

தேதியை மாற்றினால் எல்லாம் மாறும்

கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் நடுவில் உள்ள வாரம்தான் டிஸ்னியில் வருடத்திலேயே நெரிசலான வாரம். ரூமும் டிக்கெட்டும் உச்ச விலையில் இருக்கும். எனவே மகளுக்கு நாலு நாள் பள்ளி லீவு போட்டு டிசம்பர் முதல் இரண்டு வாரங்களுக்குள் போய்வாருங்கள் என்பேன். நன்றிநவிலல் விடுமுறைக் கூட்டம் வடிந்திருக்கும், கிறிஸ்துமஸ் அலங்காரமெல்லாம் அப்போதே இருக்கும். கும்பகோணத்து மார்கழியைவிடக் குளிர் கூடத்தான், காலையிலும் இரவிலும் ஸ்வெட்டர் வேண்டும்.

ஜனவரி கடைசியில் ரூம் இன்னும் மலிவாகக்கூடக் கிடைக்கும். ஆனால் அதற்குள் மகளுக்குப் பத்து வயது ஆகிவிடலாம். டிஸ்னியில் பத்து வயது ஆனால் பெரியவர் டிக்கெட். மூன்று வயது ஆகும் வரை டிக்கெட்டே வேண்டாம். டிசம்பரில் போனால் பையன் இலவசம், மகளுக்குச் சிறுவர் டிக்கெட். ஆறு பேர் போகிறீர்கள், ஐந்து டிக்கெட். மகளுடைய விஷயத்தில் மிச்சம் சொற்பம்தான். பையனுடையது பெரிய தொகை, மார்ச்சுக்கு அப்புறம் என்று தள்ளிப்போட்டால் அது கையைவிட்டுப் போகும்.

டிசம்பரில் ஒரு சூட்சுமம். மேஜிக் கிங்டத்தில் சில நாட்கள் இரவில் தனி டிக்கெட் போட்டுக் கிறிஸ்துமஸ் விருந்து நடத்துவார்கள். அந்த நாட்களில் சாதாரண டிக்கெட்காரர்கள் மாலை ஆறு மணியோடு வெளியேற வேண்டும். இரவு வாணவேடிக்கை பார்க்க முடியாது என்பதால் பலர் அந்த நாளைத் தவிர்ப்பார்கள், பகலில் கூட்டம் குறைவாக இருக்கும். உங்களுக்கு வாணவேடிக்கைதான் முக்கியமா, குறைந்த வரிசையா? வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள். விருந்து நாட்கள் முன்கூட்டியே அறிவிக்கப்பட்டிருக்கும்.

நான்கு இரவு, மூன்று நாள் பார்க். அதற்கு மேல் அத்தைக்கும் முடியாது, பையனுக்கும் முடியாது. கணவர் ஆசைப்படும் யூனிவர்சல் (அங்கேயே உள்ள வேறு நிறுவனத்தின் தீம் பார்க்) இந்தப் பயணத்தில் வேண்டாம்.

அந்த 99 டாலர்

நடக்கப்போவதைச் சொல்கிறேன். கணவன் மனைவி இருவரும் அந்த 'சின்ன மீட்டிங்'கில் உட்கார வேண்டும். ஒன்றரை மணி அல்லது இரண்டு மணி என்பார்கள். ஒருவர் மாற்றி ஒருவர் வந்து பேசி அது மதியம் வரை போகும். விற்கப்போவது 'டைம்ஷேர்', அதாவது வருடத்தில் சில நாட்கள் தங்கும் உரிமை. வாங்கினால் கடன் தவணை போக, வருடா வருடம் பராமரிப்புக் கட்டணம் உண்டு, நீங்கள் தங்கினாலும் தங்காவிட்டாலும். மீட்டிங்குக்குப் போகாவிட்டால் அந்த ரூமின் முழு வாடகையையும் உங்கள் கார்டிலிருந்து எடுத்துக்கொள்ள ஒப்பந்தத்தில் இடமிருக்கும். வருமானம், வயது, எத்தனை பேர் தங்கலாம் என்பதற்கெல்லாம் பொடி எழுத்தில் நிபந்தனை இருக்கும். மூன்று இரவுதான், ஆறு பேருக்கு இடம் இருக்கிறதா என்றே உங்களுக்குத் தெரியாது. மூன்று நாளில் அரை நாளை விற்று வாங்கும் தள்ளுபடி இது. "கேட்டுவிட்டு வேண்டாம் என்று வந்துவிடலாமே" என்று கணவர் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். வந்துவிடலாம், பலர் வந்திருக்கிறார்கள். ஆனால் அவர்கள் பேச்சில் மயங்கிக் கையெழுத்துப் போட்டவர்களும் நம்மவர்களில் நிறைய. அப்படி ஒருவேளை ஆகிவிட்டால் இதை நினைவில் வையுங்கள்: ஃபுளோரிடா சட்டப்படி, டைம்ஷேர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டதிலிருந்து பத்து நாட்களுக்குள் எழுத்து மூலம் ரத்து செய்ய உங்களுக்கு உரிமை இருக்கிறது. அந்த உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கினாலும் செல்லாது. போனில் சொன்னால் போதாது, பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

இதோடு சேர்த்து இன்னொன்று. நீங்கள் எழுதியபடி, உங்கள் நண்பர் குடும்பம் நாலு நாள் டிக்கெட் வாங்கி இரண்டு நாள் மட்டும் போனார்களாம், மீதியைப் பாதி விலைக்குத் தருகிறார்களாம். வேண்டாம். டிக்கெட் ஒருவர் பெயரில் பதிந்து, வாசலில் விரல் வைத்துச் சரிபார்ப்பார்கள். பாதி பயன்படுத்திய டிக்கெட்டை விற்பது ஃபுளோரிடாவில் சட்டப்படி குற்றமும்கூட.

டேவன்போர்ட் வீடு

இது கெட்ட யோசனை இல்லை. உங்களோடு இன்னொரு குடும்பம் சேர்ந்து, ஒரு வாரம் தங்குவதாக இருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பேன். சமையலறை, துணி துவைக்கும் மெஷின், ஆளுக்கொரு படுக்கையறை. ஆனால் நாலு இரவுக்கு எடுத்தாலும் பத்து இரவுக்கு எடுத்தாலும் சுத்தம் செய்யும் கட்டணம் ஒன்றுதான். குறைந்த நாட்களில் அது இரவுக் கணக்கில் கனமாக விழும். டிசம்பரில் அந்த நீச்சல் குளத்துத் தண்ணீர் சில்லென்று இருக்கும். சூடாக்க நாள்கணக்கில் தனிக் காசு கேட்பார்கள், அது பலருக்குப் போய் இறங்கிய பிறகுதான் தெரியும். பார்க்குக்கு அரை மணி முதல் முக்கால் மணி, நெரிசலில் இன்னும் கூட. மதியம் திரும்புவது நடக்காது. அப்புறம் ஒன்று, கோபித்துக்கொள்ளாதீர்கள்: அந்த வீட்டில் காலையில் எழுந்து ஆறு பேருக்கு இட்லி ஊற்றப்போவது யார்?

அத்தையின் முழங்கால்

காரில்தானே வருகிறீர்கள், ஒரு மடக்கு வீல்சேரை சார்லட்டிலேயே ஏற்பாடு செய்து டிக்கியில் போட்டுக்கொள்ளுங்கள். பார்க் வாசலிலும் வாடகைக்குக் கிடைக்கும், ஆனால் அதை அந்தப் பார்க்குக்குள் மட்டும்தான் பயன்படுத்தலாம். பஸ் நிறுத்தத்திலிருந்து வாசல் வரையும், விடுதிக்குள் ரூம் வரையும் நடை பாக்கி இருக்கும். வீல்சேரில் போனால் வரிசையே கிடையாது என்று யாரோ சொன்னதை நம்ப வேண்டாம். பெரும்பாலான வரிசைகள் வீல்சேரோடு போகும்படியே அமைக்கப்பட்டிருக்கின்றன, எல்லாரோடும் சேர்ந்துதான் போக வேண்டும். வரிசைக்கு வெளியே காத்திருக்கும் தனிச் சலுகையை 2024இல் ஆட்டிசம் போன்ற வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்கு என்று சுருக்கிவிட்டார்கள், முழங்கால் வலி அதில் வராது. "வீல்சேரா, எனக்கா?" என்று முதலில் மறுப்பார். பையனின் ஸ்ட்ரோலர் பழுதானால் அவன் உங்கள் மடியில் உட்கார்ந்து வரலாமே என்று சொல்லிப் பாருங்கள்.

குளியலறையில் கைப்பிடி வேண்டும், தொட்டிக்குள் காலைத் தூக்கி வைக்க முடியாது என்றால் அதற்கென்று அமைத்த ரூம்கள் இருக்கின்றன, அதே விலைதான். பதிவு செய்யும்போதே சொல்ல வேண்டும், போய் இறங்கிக் கேட்டால் கிடைக்காது.

பதிவு செய்யும் முறை

ரூமையும் டிக்கெட்டையும் தனித்தனியாக வாங்குங்கள். ரூம் மட்டும் என்றால் ஒரு இரவு வாடகைதான் முன்பணம். வருவதற்கு ஐந்து நாள் முன்பு வரை ரத்து செய்தால் அது முழுதாகத் திரும்பும் (இணையத்தில் ரத்து செய்வதென்றால் ஆறு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்). ரூமும் டிக்கெட்டும் சேர்ந்த பேக்கேஜ் என்றால் 30 நாள் முன்பே முழுப் பணமும் கட்ட வேண்டும், கடைசி நேரத்தில் ரத்து செய்தால் பணம் போகும். வயதானவர்கள், சின்னப் பிள்ளைகள் என்றால் காய்ச்சல் எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்? இன்றைய விலைக்கு இரண்டு ரூமையும் பிடித்து வையுங்கள். டிஸ்னி அவ்வப்போது ரூம் தள்ளுபடி அறிவிக்கும். அது வந்ததும் பழைய பதிவை அந்த விலைக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். தள்ளுபடி ரூம்கள் தீரும் வரைதான் மாற்றுவார்கள், நீங்களாகக் கேட்காவிட்டால் அவர்களாகக் குறைக்க மாட்டார்கள்.

கடைசியாக, ரைஸ் குக்கர். வேண்டாம். ரூமுக்குள் சமைப்பதை விடுதிகள் அனுமதிப்பதில்லை, புகை அலாரம் அடித்தால் மொத்தக் கட்டடமும் உங்கள் வாசலில் நிற்கும். பாப் செஞ்சுரி ரூமில் சின்ன ஃபிரிட்ஜ் இருக்கிறது, மைக்ரோவேவ் இல்லை. கீழே உணவுக்கூடத்தில் ஒன்று இருக்கும், அங்கே சுடவைத்துக்கொள்ளலாம். மாமனாருக்குச் சோறு இல்லாமல் முடியாது என்றால், சாண்ட் லேக் சாலையிலும் ஆரஞ்ச் பிளாசம் டிரெயிலிலும் இந்திய உணவகங்கள் இருக்கின்றன. பார்க்கில் சாப்பிட்டுத்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. வெளிச் சாப்பாட்டை டிஸ்னி உள்ளே விடுகிறது. கண்ணாடிப் பாத்திரம் கூடாது, உள்ளே வந்து சூடாக்க வேண்டியதாக இருக்கக்கூடாது. அத்தையைப் புளிக்காய்ச்சல் செய்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்து எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். வாசலில் பையைத் திறந்து பார்ப்பார்கள், மூடியை நன்றாக இறுக்கிவிடுங்கள்.